யாரும் கேளாத உத்தியோகம்

பள்ளி இறுதிப் பரீட்சை முடிவுகள் வெளியாகும் வாரத்தில் ஆலங்குடிக் கடைவீதியில் வேறு பேச்சுக்கு இடமில்லை. காய்கறி வாங்க வந்தவரும் கயிறு வாங்க வந்தவரும் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றே: "பிள்ளையை எதற்குப் படிக்க வைக்கப் போகிறீர்கள்?" டாக்டருக்கு என்பார் ஒருவர், கம்ப்யூட்டர் என்பார் இன்னொருவர், கொஞ்சம் துணிந்தவர் கலெக்டர் என்பார். உபாத்தியாயத் தொழில் செய்யும் நாம் இந்த விசாரணையில் இருபது வருஷங்களாகக் கலந்துகொண்டு வருகிறோம். "போதை வியாதியைப் பற்றிய ஆராய்ச்சிகளை மேற்பார்வை செய்யும் வேலைக்கு எங்கள் பெண்ணைத் தயார் செய்கிறோம்" என்று சொன்ன பெற்றோர் ஒருவரைக்கூட இதுவரை சந்தித்ததில்லை. அப்படி ஓர் உத்தியோகம் உலகில் இருக்கிறது என்பதே பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களும், "குடிகாரர்களோடு நமக்கென்ன வேலை?" என்று முகத்தைச் சுளிப்பார்கள்.

ஆலங்குடி என்றதும் வியாழ பகவானைத் தரிசிக்க மூட்டை கட்டும் நேயர்களுக்கு ஒரு வார்த்தை. அந்த ஆலங்குடி திருவாரூர் ஜில்லாவில் இருக்கிறது. நமது ஆலங்குடி புதுக்கோட்டைக்குக் கிழக்கே சுமார் 20 கிலோமீட்டரில், பழைய தொண்டைமான் சமஸ்தானத்தில் ஒரு தாலுகாவின் தலைநகராக இருந்த ஊர். சுற்றிலும் கண்மாய்களும் தென்னையும் பலாவும் உள்ள செம்மண் பூமி. 2018-ஆம் ஆண்டுக் கஜா புயலில் இப்பக்கத்துத் தென்னைகள் வேரோடு சாய்ந்தபோது, நஷ்டம் எவ்வளவு என்று வீடு வீடாகக் கணக்கெடுத்தார்கள். அதே வீடுகளில் குடியினால் வருஷா வருஷம் சாயும் மனிதர்களை மட்டும் யாரும் அப்படிக் கணக்கெடுப்பதில்லை. கணக்கெடுக்க வந்தாலும் வீட்டார் சொல்லமாட்டார்கள். மாணவன் கொண்டுவரும் விடுமுறைக் கடிதத்தில் 'தகப்பனாருக்கு உடல் நலமில்லை' என்றிருக்கும். இறந்துபோனால் 'ஈரல் வியாதி' என்பார்கள். இரண்டும் பொய்யல்ல, ஆனால் நடுவில் ஒரு சொல் விட்டுப்போயிருக்கிறது.

இந்த மௌனம் நம் ஊருக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்க சர்க்கார் 1974-ஆம் ஆண்டில் போதைப் பழக்க ஆராய்ச்சிக்கென்றே ஒரு தேசிய ஸ்தாபனத்தை அமைத்தது. 2003-ஆம் ஆண்டில் அதன் தலைமைப் பதவிக்கு வந்து இருபது ஆண்டுகளுக்கு மேலாக அதை நடத்தியவர் டாக்டர் நோரா வோல்கோ என்னும் பெண்மணி. மெக்ஸிகோ நகரில் பிறந்தவர். ரஷ்யப் புரட்சித் தலைவர் டிராட்ஸ்கியின் கொள்ளுப் பேத்தி; டிராட்ஸ்கி 1940-இல் கொல்லப்பட்ட அதே வீட்டில் வளர்ந்தவர். அவருடைய தாய் வழிப் பாட்டனார் இருதய நோயால் இறந்தார் என்றே வீட்டில் சொல்லி வைத்திருந்தார்கள். பல ஆண்டுகள் கழித்துத் தாயார் மரணப் படுக்கையில் இருந்தபோதுதான் உண்மையைச் சொன்னாராம்: பாட்டனார் குடிக்கு அடிமையாகி, விட முயன்று விட முயன்று தோற்று, தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அதற்குள் மகள் பல வருஷங்களாக இந்த வியாதியின் ஆராய்ச்சியிலேயே மூழ்கியிருந்தாள்; தாய்க்கு அது நன்றாகத் தெரியும். அப்படியிருந்தும் வாய் திறக்க மனம் வரவில்லை. உலகப் புகழ் பெற்ற விஞ்ஞானியின் தாய்க்கே அவ்வளவு கூச்சம் என்றால், நம் ஊர்த் தாய்மாரைக் குறை சொல்ல நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

மடை அடைபட்ட மூளை

வோல்கோ அம்மையார் அப்படி என்ன கண்டுபிடித்தார்? உயிரோடு இருக்கும் மனிதனின் மூளைக்குள் ரசாயனங்கள் நடமாடுவதைப் படம் பிடிக்கும் பாஸிட்ரான் கருவியைக் கொண்டு, போதைக்கு ஆட்பட்டவர்களின் மூளையை அவர் ஆராய்ந்தார். நம் மூளையில் டோபமைன் என்று ஒரு வஸ்து சுரக்கிறது. 1954-ஆம் ஆண்டில் கனடாவில் ஓல்ட்ஸ், மில்னர் என்ற இருவர் எலியின் மூளையில் ஒரு மின்கம்பியைச் செருகி, விசையை மிதித்தால் மெல்லிய மின்சாரம் பாயும்படி செய்தார்கள். எலி அந்த விசையை ஓயாமல் மிதித்துக்கொண்டே இருந்தது. அந்த இன்பப் பாதையில் ஓடும் முக்கியமான தூதன் டோபமைன் என்பது பிறகு தெரிந்தது. பசித்தவன் சோற்றைக் கண்டாலும், குழந்தை தாயைக் கண்டாலும், 'இது நல்லது, நினைவில் வை, மறுபடியும் தேடு' என்று மூளைக்குச் சொல்லும் தூதன் அது.

சாராயமும் கஞ்சாவும் அபினும் இந்தத் தூதனைக் கூட்டம் கூட்டமாக அனுப்புகின்றன. கண்மாய்ப் பாசனம் தெரிந்த நம்மவர்களுக்கு இதை விளங்கவைப்பது எளிது. நாள்தோறும் வெள்ளமாக வந்தால் உழவன் என்ன செய்வான்? பயிர் அழுகாமல் இருக்க மடையை அடைப்பான். மூளையும் அதையே செய்கிறது. டோபமைனை வாங்கிக்கொள்ளும் வாயில்களைக் குறைத்துவிடுகிறது. பிறகு சாதாரண நாளில் சிறு தூறல் விழும்போது வயலுக்குத் தண்ணீர் ஏறுவதில்லை. பெண்ணின் கல்யாணமும் பேரனின் மழலையும் திருவிழாவும் அவனுக்குச் சப்பென்று ஆகிவிடுகின்றன. வெள்ளம் ஒன்றுதான் அவன் மனத்தை நனைக்கும். இதற்கிடையே, 'வேண்டாம், நிறுத்து' என்று சொல்லவேண்டிய நெற்றிப்புற மூளையும் பலம் குன்றுகிறது. "மனசு வைத்தால் விடமுடியாதா?" என்று கேட்கிறோமே, அந்த மனசு வைக்கும் இடத்திலேயே வியாதி புகுந்துவிட்டது.

நம்பிக்கைக்கும் இடம் உண்டு. மெத்தாம்ஃபெட்டமின் என்ற கொடிய போதைப் பொருளை விட்டு ஓராண்டுக்கு மேல் விலகி இருந்தவர்களின் மூளையில், இழந்ததில் ஒரு பகுதி மீண்டும் தளிர்த்திருந்ததை வோல்கோவின் குழுவினர் 2001-இல் எடுத்துக் காட்டினார்கள்.

எல்லா விஞ்ஞானிகளும் இதை 'மூளை வியாதி' என்று ஒரேயடியாக ஒப்புக்கொள்ளவில்லை என்பதையும் சொல்லவேண்டும். வியட்நாம் யுத்தத்தில் ஹெராயினுக்கு அடிமையான அமெரிக்கச் சிப்பாய்கள் 1971-இல் ஊர் திரும்பியபோது தேசமே நடுங்கிற்று. லீ ராபின்ஸ் என்ற சமூகவியல் அம்மையார் அவர்களைத் தேடிப் பிடித்து விசாரித்தார். ஊர் திரும்பிய முதல் வருஷத்தில் மீண்டும் அடிமையானவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர் அளவில்தான்! மண் மாறியது, சூழ்நிலை மாறியது, பழக்கமும் விட்டது. மூளையை மட்டும் பார்த்தால் இது விளங்காது. ஆராய்ச்சிக்குத் தலைமை வகிப்பவர் இரண்டு கட்சிக்கும் காது கொடுக்கவேண்டியவர்.

மேற்பார்வை என்பது என்ன?

வோல்கோ வகித்த பதவியின் கீழ் சமீப ஆண்டுகளில் வருஷத்துக்கு ஏறத்தாழ 160 கோடி டாலர் செலவாகிறது. அந்தப் பணத்தைக் கேட்டு விஞ்ஞானிகளின் விண்ணப்பங்கள் வந்து குவியும். முதலில் அதே துறை நிபுணர்கள் கூடி மதிப்பிடுவார்கள். பிறகு பொது ஜனப் பிரதிநிதிகளும் உள்ள ஆலோசனை சபை பார்க்கும். கடைசியில் தலைமை அதிகாரி தீர்மானிப்பார். எந்தக் கேள்விக்குப் பணம், எதற்கு இல்லை, எந்தப் பரிசோதனையால் நோயாளிக்கு ஆபத்து, எதை நாளைக்கே நிறுத்தவேண்டும் என்பதெல்லாம் இவர்கள் கையில். சோதனைக் குழாயைத் தொடாமலே சாஸ்திரத்தின் போக்கைத் திருப்பும் வேலை.

கண் அயர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்குச் சரித்திரம் சாட்சி சொல்கிறது. 1935-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கென்டக்கி மாகாணத்து லெக்ஸிங்டனில், போதைக்கு ஆளான கைதிகளுக்காக ஆஸ்பத்திரி பாதி சிறைச்சாலை பாதியாக ஒரு பெரிய ஸ்தாபனம் திறந்தார்கள். பழைய தெருவைக் கண்டதும் பழைய ஆசை கிளம்புவது ஏன் என்பது போன்ற அரிய உண்மைகள் அங்கே கண்டறியப்பட்டன. ஆனால் பரிசோதனைக்கு உடன்பட்ட கைதிகளுக்குக் கொடுத்த கூலி என்ன தெரியுமா? அதே போதை மருந்து! எதை விட முடியாமல் சிறைக்கு வந்தார்களோ அதையே காட்டிச் சம்மதம் வாங்கினார்கள். இப்படி வாங்கிய சம்மதத்துக்குப் பெயர் சம்மதமா? 1970-களில் விஷயம் வெளியே வந்து கண்டனம் எழுந்த பிறகுதான் கைதிகளின் மீது செய்த பரிசோதனைகள் நின்றன.

பழங்கதை என்று தள்ளிவிட வேண்டாம். அளவாகக் குடித்தால் இருதயத்துக்கு நல்லதா என்று ஆராய 10 கோடி டாலர் செலவில் ஒரு பெரிய பரிசோதனை அமெரிக்காவில் துவங்கிற்று. செலவில் பெரும் பகுதியை மதுபானக் கம்பெனிகள் ஏற்றுக்கொண்டிருந்தன. சர்க்கார் ஸ்தாபனத்து உத்தியோகஸ்தர்களே அந்தக் கம்பெனிகளை நாடிப்போய்ப் பணம் திரட்ட வழி செய்ததும், பரிசோதனை அமைந்த விதமே அனுகூலமான விடையைத் தேடுவதுபோல் இருந்ததும் அம்பலமாயின. 2018-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் மேலதிகாரிகள் அதை அடியோடு நிறுத்திவிட்டார்கள். மேற்பார்வை உத்தியோகத்தின் பெருமையை இதைவிட நன்றாகக் காட்ட ஓர் உதாரணம் வேண்டாம் என்பது நம் அபிப்பிராயம்.

நம் மாகாணத்துக்கும் இதில் யோசிக்க விஷயம் உண்டு. 1929-இல் ராஜாஜி திருச்செங்கோடு காந்தி ஆசிரமத்திலிருந்து 'விமோசனம்' என்ற மதுவிலக்குப் பத்திரிகையை நடத்தினார். உடனிருந்து உழைத்தவர் கல்கி. 1937 அக்டோபரில் சேலம் ஜில்லாவிலும், 1948-இல் மாகாணம் முழுவதிலும் மதுவிலக்கு வந்தது. 1971-இல் தளர்ந்தது, பிறகு வந்தது, பிறகு போயிற்று. 2003 முதல் சில்லறை மது வியாபாரம் முழுவதும் சர்க்காரின் டாஸ்மாக் கையில். 2023-24-இல் அதன் வருமானம் 45,000 கோடி ரூபாயைத் தாண்டியது. விற்பவரும் அவரே, வைத்தியம் பார்ப்பவரும் அவரே என்றாகும்போது, இரண்டுக்கும் நடுவே நின்று 'உண்மை இது' என்று சொல்லக் கூடிய ஆராய்ச்சி அதிகாரி எவ்வளவு நிமிர்ந்த முதுகெலும்பு உடையவராக இருக்கவேண்டும்!

நம் நாட்டில்

இத்துறை நம் நாட்டுக்குப் புதிதன்று. 1921-ஆம் ஆண்டில் கல்கத்தா வெப்ப மண்டல வைத்தியக் கல்லூரியில் மருந்தியல் பேராசிரியராகச் சேர்ந்த கர்னல் ராம்நாத் சோப்ரா, பின்னர் அதன் டைரக்டராகவும் உயர்ந்தவர். அபின், கஞ்சா, கொக்கேன் ஆகிய பழக்கங்கள் நம் ஜனங்களிடையே எப்படிப் பரவியிருக்கின்றன என்பதை முறையாக ஆராய்ந்து வெளியிட்டவர் அவர். வெள்ளைக்கார அதிகாரிகள் கலால் வருமானக் கணக்கை எழுதிக்கொண்டிருந்த காலத்தில் அவர் மனிதர்களின் கணக்கை எழுதினார்.

அந்தக் கணக்கின் இன்றைய வாரிசு, டில்லி அகில இந்திய வைத்திய விஞ்ஞான ஸ்தாபனத்தைச் சேர்ந்த போதைச் சிகிச்சை மையம். இது 1988-இல் துவங்கிற்று. இப்போது காஜியாபாத்தில் நடைபெறுகிறது. டாக்டர் அதுல் அம்பேகர் முன்னின்று நடத்திய இதன் தேசியக் கணக்கெடுப்பு 2019-இல் வெளியாயிற்று. இரண்டு லட்சம் வீடுகளில் நான்கே முக்கால் லட்சம் பேரை விசாரித்தார்கள். 10 முதல் 75 வயது வரை உள்ளவர்களில் நூற்றுக்கு 14.6 பேர் குடிக்கிறார்கள். தொகையில் 16 கோடி. இவர்களில் 5 கோடியே 70 லட்சம் பேருக்கு உதவி தேவை. குடிக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவரே ஏதேனும் ஒரு சிகிச்சை பெற்றிருக்கிறார். மற்ற 37 பேர் எங்கே? நம் விடுமுறைக் கடிதங்களுக்குப் பின்னால் இருக்கிறார்கள்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு மாணவன், வகுப்பு முடிந்து எல்லாரும் போன பிறகு, நம் மேஜைக்கருகில் தயங்கி நின்றான். "ஐயா, அப்பாவுக்கு இருக்கிறது எனக்கும் வருமா?" என்றான். எதைச் சொல்கிறான் என்று அவன் சொல்லவும் இல்லை. நாம் கேட்கவும் இல்லை. அவன் கேட்ட அந்தக் கேள்வியைத்தான் பெங்களூர் நிம்ஹான்ஸ் ஸ்தாபனத்தில் டாக்டர் விவேக் பெனகல் பல ஆண்டுகளாக ஆராய்ந்திருக்கிறார். குடிநோய் மிகுந்த குடும்பங்களில் பிறந்து, தாம் இன்னும் ஒரு சொட்டும் தொடாத பிள்ளைகளின் மூளை அலைகளை அவரும் சகாக்களும் அளந்தார்கள். ஒரு குறிப்பிட்ட அலை இவர்களிடம் சிறுத்திருந்தது. உணர்ச்சிகளோடு சம்பந்தப்பட்ட சில மூளைப் பகுதிகளும் அளவில் குறைவாக இருந்தன என்று 2007-இல் பிரசுரித்தார்கள். பரம்பரையின் பங்கு ஏறக்குறையப் பாதி என்பது உலகெங்கும் ஆராய்ந்தவர்களின் முடிவு. பாதிதான், விதி அல்ல. வளர்ப்பும் வாய்ப்பும் முதல் கோப்பையை எந்த வயதில் தொடுகிறான் என்பதும் மற்ற பாதியில் அடங்கும். அந்தப் பையனுக்கு நாம் சொன்ன பதிலும் இதுவே. "அப்படியானால் நான் தொடவே மாட்டேன்" என்றான். பிரிட்டிஷ் விஞ்ஞானிகளோடு சேர்ந்து, 6 முதல் 23 வயது வரை உள்ள சுமார் பதினாயிரம் பேரைப் பெங்களூர், மைசூர், ரிஷிவாலி, இம்பால் முதலிய பல இடங்களில் பின்தொடரும் பெரிய ஆராய்ச்சி ஒன்றும் இதன் தொடர்ச்சியாக நடந்திருக்கிறது. இத்தனை இடங்களை ஒரே அளவுகோலில் கட்டி இழுப்பதற்கு மூளை சாஸ்திரம் மட்டும் போதாது. ஒரு பெரிய குடும்பத்துக் கல்யாணத்தை நடத்தும் சாமர்த்தியமும் வேண்டும்!

தமிழ்நாட்டில் இந்தப் பாதையை வெட்டியவர் ஒரு விதவைப் பெண்மணி. சுதந்திர இந்தியாவின் நிதி மந்திரியாக இருந்த டி. டி. கிருஷ்ணமாச்சாரியின் பேரன் ரங்கநாதன் 1979-இல், 33 வயதில், குடிநோய்க்குப் பலியானார். செல்வமும் செல்வாக்கும் அவரைக் காக்கவில்லை; அப்போது இங்கே அதற்கென்று வைத்தியமும் இல்லை. மனைவி சாந்தி ரங்கநாதன் அமெரிக்காவில் ஹேஸல்டன் என்ற சிகிச்சை நிலையத்தில் பயிற்சி பெற்றுத் திரும்பி, 1980-இல் சென்னையில் கணவர் பெயரால் ஒரு 'மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளை'யைத் தொடங்கினார். அந்தப் பெயரில் 'ஆராய்ச்சி' என்ற சொல்லைக் கவனியுங்கள். தர்ம ஆஸ்பத்திரி திறப்பது சுலபம். 'நாம் செய்யும் வைத்தியம் பலிக்கிறதா?' என்று தன்னைத் தானே சோதித்துக்கொள்வது அவ்வளவு சுலபமன்று.

நகரத்து ஆஸ்பத்திரிக்குக் கிராமத்தார் வரமாட்டார்கள் என்று கண்டதும், ஆஸ்பத்திரியைக் கிராமத்துக்குக் கொண்டுபோனார். காவிரிக் கரைப் பிரதேசத்தில், மேலே சொன்ன குரு ஸ்தலத்துக்கு அதிகத் தூரம் இல்லாத மஞ்சக்குடியில் முகாம் அமைத்தார். ஊர்ப் பெரியவர்களின் ஒத்தாசை. மனைவிமாருக்கும் குடும்பத்தாருக்கும் தனிப் போதனை. முகாம் முடிந்த பிறகும் வீடு தேடிச் சென்று விசாரிப்பு. ஊர் முழுவதும் பார்க்க ஒருவன் சிகிச்சைக்குப் போய் வருவதால், ஒளித்து வைப்பதற்கே ஒன்றும் மிஞ்சுவதில்லை. 1994-இல் இந்த 'மஞ்சக்குடி அனுபவம்' உலக ஆராய்ச்சிப் பத்திரிகை ஒன்றில் வெளிவந்தது. லெக்ஸிங்டனில் மதில் கட்டிச் செய்ததை மஞ்சக்குடியில் திறந்த வெளியில் செய்தார்கள் என்று நமக்குத் தோன்றுகிறது. அம்மையாருக்கு 1992-இல் பத்மஸ்ரீ பட்டமும், 1999-இல் ஐக்கிய நாடுகளின் வியன்னா சிவில் சமூகப் பரிசும் கிடைத்தன.

வீட்டில் விழுந்த இடியிலிருந்து ஒரு ஸ்தாபனம் எழுவது புதுக்கோட்டைக்காரர்களுக்குப் புதிய செய்தியல்ல. 1886-இல் இங்கே பிறந்து, மகாராஜா கல்லூரியில் பையன்களிடையே தனி ஒரு பெண்ணாகப் படித்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தங்கையைப் புற்று நோய்க்குப் பறிகொடுத்த துக்கத்தை மறவாமல் 1954-இல் அடையாற்றில் புற்று நோய் நிலையத்தைத் திறந்தார். புகையிலையை விட முடியாதவர்களுக்குச் சிகிச்சை அளிக்க 2002-இல் நாட்டில் முதலாவதாக ஏற்பட்ட நிலையங்களில் அதுவும் ஒன்று.

வழி எது?

வைத்தியர் வழியில் போகிறவர்களுக்குப் பாதை நீளமானது. எம்.பி.பி.எஸ். முடித்து, மனநோய் வைத்தியத்தில் மூன்று வருஷம் எம்.டி., அதன் மேல் போதை மனநோய் வைத்தியத்தில் இன்னும் மூன்று வருஷம் டி.எம். கடைசிப் பட்டத்துக்கு டில்லி, பெங்களூர், சண்டிகர் ஆகிய இடங்களிலுள்ள பெரிய ஸ்தாபனங்களில் இடம் உண்டு, இடங்கள் சொற்பம். பதினொரு பன்னிரண்டு வருஷம் என்றதும் பெண்ணைப் பெற்றவர்கள் பெருமூச்சு விடுகிறார்கள். டாக்டராகாமலும் வரலாம். மருத்துவ உளவியல், மனநோய்ச் சமூக சேவை, நரம்பு விஞ்ஞானம், புள்ளிவிவரம் ஆகியவற்றில் எதுவும் வாசலே. இந்த வாசல்கள் வழியாகச் சென்று சில காலம் நோயாளிகளின் நடுவே உழைத்தவர்களுக்குத்தான் பிற்காலத்தில் ஆராய்ச்சி நிர்வாகம் கைவரும். இந்திய வைத்திய ஆராய்ச்சிக் கவுன்சிலின் தலைமையில் 2015 முதல் 2017 வரை இருந்தவர் டாக்டர் சௌம்யா சுவாமிநாதன் என்ற தமிழ்ப் பெண்மணி. அவர் காச நோயாளிகளோடு பல ஆண்டுகள் கழித்த பிறகே அந்த நாற்காலிக்குப் போனார். சம்பளத்தை நினைத்து வருகிறவர்கள் வேறு வேலை பார்த்துக்கொள்ளலாம். தனியார் ஆஸ்பத்திரி டாக்டர் சம்பாதிப்பதில் பாதிகூட வராது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டிலேயே இந்த வியாதி இருக்கிறவர்கள் பிள்ளை படித்து முடிக்கும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. 14446 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் பணம் இல்லாமல் ஆலோசனை சொல்கிறார்கள்.

படிப்பு வயது கடந்த நம் போன்றவர்களுக்கும் இதில் ஒரு சிறு நாற்காலி போட்டிருக்கிறார்கள். புது மருந்துகளை மனிதர்களிடம் சோதிப்பதற்கு 2019-இல் மத்திய சர்க்கார் செய்த விதிகளின்படி, எந்தச் சோதனையும் நெறிமுறைக் குழுவின் அனுமதி பெற்றே நடக்கவேண்டும். குழுவில் குறைந்தது ஏழு பேர். அவர்களில் பாதிப் பேர் அந்த ஸ்தாபனத்தைச் சேராதவர்கள். ஒரு வக்கீல், ஒரு பெண், வைத்தியமும் விஞ்ஞானமும் அறியாத ஒரு சாதாரணப் பிரஜை, இவர்கள் கட்டாயம் இருக்கவேண்டும். நோயாளி கையெழுத்திடும் சம்மதப் பத்திரம் அவருக்குத் தெரிந்த பாஷையில் இருக்கவேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவரானால் பாரபட்சமற்ற சாட்சி ஒருவர் பக்கத்தில் இருந்து கேட்கவேண்டும். பெரிய டாக்டர்கள் அமர்ந்திருக்கும் அந்த மேஜையில், பத்திரத்தை ஒருமுறை தமிழில் உரக்க வாசித்து, "இது கீரமங்கலம் பூச்சந்தையில் மூட்டை தூக்குகிறவருக்கு விளங்குமா? மாலை ஐந்து மணிக்குக் கை நடுங்கிக்கொண்டிருக்கும்போது கையெழுத்து வாங்குவீர்களா, காலையில் தெளிவாக இருக்கும்போது வாங்குவீர்களா?" என்று கேட்பது அந்தச் சாதாரணப் பிரஜையின் வேலை.